கடல் கடந்த கட்டிங்

இடது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

சலூன்காரர் தன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். நாற்காலியில் இருந்த பையனின் தலையையும் சாய்த்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் இடது பக்கம் தூக்கல்தான்.

"வலது பக்கத்தையும் ஏத்திடுங்க, சரியாப் போயிடும்," என்றாள் மனைவி. அவள் ஒருநாளும் கத்தரியைப் பிடித்ததில்லை. ஆனால் யோசனை சொல்வதில் மட்டும் குறை வைத்ததே இல்லை.

ஏற்றினார். இப்போது வலது பக்கம் தூக்கல்.

எல்லாம் சம்பந்தியால் வந்த வினை. மனிதர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்து, மூன்று றெக்கையிலும் தன் பேரை எழுதிவைத்தவர். சுற்றினால் பேர் தெரியாது என்று அதை யாரையும் போடவே விடமாட்டார். விசேஷ வீடுகளில் நாலு பேர் நடுவில், "நீங்க இதுவரைக்கும் என்ன தர்மம் பண்ணியிருக்கீங்க சம்பந்தி?" என்று கேட்பார். மகள் முகம் சுருங்கிப்போகும். அதைப் பார்க்கத்தான் சலூன்காரருக்குப் பொறுக்காது.

அந்த வாயை அடைக்க வேண்டும். மகன் பணம் கட்டி அனுப்பிய வெளிநாட்டுச் சுற்றுலாவில், மாற்றுத் துணியோடு கத்தரி, சீப்பு, மெஷின் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இலவச கட்டிங்! ஒரு போட்டோவைப் பெரிதாகப் போட்டு, கடையில் சம்பந்தி வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டிவிட வேண்டும்.

தமிழ் பேசும் கைடுதான் ஒரு ஆதரவற்றோர் இல்லத்தை விசாரித்து, வேனில் கூட்டிவந்து இறக்கிவிட்டார். "வண்டியை ஓரங்கட்டிட்டு வர்றேண்ணே, வாசல்லயே நில்லுங்க."

நிற்கிற ஆளா அவர்? கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டார்.

தாழ்வாரத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை ஆயாம்மா பாருங்க! ஒருத்தியாவது பிள்ளைங்களைக் கவனிக்கறாளா?" என்று மனைவி பொருமினாள்.

உள்ளே கூடத்தில் பையன்கள். ஒவ்வொருவன் நெஞ்சிலும் ஒரு நம்பர் அட்டை.

"ஐயோ, பேர்கூட இல்லாம நம்பர் குத்தி வெச்சிருக்காங்களே!" அவள் கண் கலங்கிவிட்டது. "பேண்ட்டைப் பாருங்க, எல்லாருக்கும் முட்டி கிழிஞ்சு கெடக்கு!"

முடியோ தோளில் புரண்டது. "வெட்டிவிட நாதியில்ல பாத்தியா?" என்றார் அவர்.

"ஆனா முடி மட்டும் பட்டு மாதிரி இருக்குங்க."

"சின்ன வயசு. அப்படித்தான் இருக்கும்."

அவர் கத்தரியைக் காட்டி நாற்காலியைத் தட்டியதுதான் தாமதம், ஏழாம் நம்பர் ஓடிவந்து, இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஏறி உட்கார்ந்தான். சிரித்தான். அடுத்ததாகத் தும்மினான். கத்தரி நறுக்கென்று மேலே போய்விட்டது.

அப்படி ஆரம்பித்ததுதான் இடது தூக்கல். அதற்காக வலது, வலதுக்காக மறுபடி இடது, இரண்டுக்கும் பொருந்த வேண்டுமென்று முன்பக்கம். பையன் தலையில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு வட்டம்தான் மிஞ்சியது.

"வெயிலுக்குன்னு சொல்லி மொத்தமா எடுத்துடுங்க," என்றாள் மனைவி.

"இந்தக் குளிர்லயா?"

"அவனுக்கென்ன நம்ம பாஷையா புரியப்போகுது?"

மெஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் மொட்டை பளபளத்தது.

ஏழாம் நம்பர் தலையைத் தடவிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அவ்வளவுதான், மற்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பாய்ந்தார்கள்.

"பாத்தியா, ராசியான கை!" சலூன்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மெஷின் ஓய்வதற்குள் எல்லாத் தலையும் மொட்டை. தரை முழுக்க முடி. மனைவி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். மொட்டைகள் சூழ நடுவில் அவரை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, குடும்ப குரூப்பில் போட்டாள்.

உடனே மகளிடமிருந்து வந்தது: "அப்பா, எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா!"

அடுத்து சம்பந்தி: "நீங்கதான் பெரிய மனுஷன். என் ஃபேனெல்லாம் ஒண்ணுமே இல்ல."

சலூன்காரர் அதை மூன்று தடவை வாசித்தார். ஊரில் வாசித்துக் காட்ட வேண்டுமே!

அப்போது கோட்டு போட்ட ஒருவர் உள்ளே வந்தார். மொட்டைகளைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நெகிழ்ந்துட்டாரு பாவம்," என்றாள் மனைவி.

எட்டிப் பார்த்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வீறிட்டார்கள்.

"ஆயாம்மாங்களுக்குக்கூட சந்தோஷம் தாங்கல!"

கைடு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"வாங்க தம்பி! ஒரு தலை பாக்கி இல்ல!" என்றார் சலூன்காரர். "அந்தக் கோட்டுக்காரர் என்னமோ முனகுறாரே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நன்றியெல்லாம் வேணாம்னு சொல்லிடுங்க."

கைடு குனிந்து கேட்டார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, இல்லம் பக்கத்துக் கட்டடம்... இவங்கல்லாம் ஷாம்பு விளம்பரத்துல நடிக்கறதுக்காக முடி வளத்துக்கிட்டு வந்த பணக்கார வீட்டுப் பசங்க!"