கசங்காத ஏழை

"உங்களைப் பார்த்தா ஏழை மாதிரியே தெரியலையே" என்றார் இலவச சட்ட உதவி மையத்தின் குமாஸ்தா.

இஸ்திரிக்காரர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். குற்றம் அதன் மேல்தான். கைகளில் மடிப்பு கத்தி போல நின்றது. காலர் விறைத்துக்கொண்டு குமாஸ்தாவையே முறைத்தது.

கட்டட முதலாளி, மருமகனுக்குச் செல்போன் கடை வைத்துக் கொடுப்பதற்காக, திங்கட்கிழமை காலை இஸ்திரிக்கடைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டுப் போட்டுவிட்டார். பதினெட்டு வருஷத்துப் பிழைப்பு அந்தப் பூட்டுக்குள். இஸ்திரிப் பெட்டி உள்ளே. தேய்த்து வைத்த நாற்பத்திரண்டு உருப்படியும் உள்ளே: பள்ளிச் சீருடை, நர்ஸ் உடுப்பு, கோட்டு, சட்டை, தலையணை உறை. எது யாருடையது என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வீட்டு வேலை செய்யும் அம்மாக்கள் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். முகம் தெரியாது, காலர்தான் தெரியும்.

குமாஸ்தாவின் தலைக்கு மேல், 'ஏழைகளுக்கு இந்தக் கதவு என்றும் திறந்திருக்கும்' என்று பெரிய பலகை. கதவு திறந்துதான் இருக்கிறது, ஏழைதான் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லி, குமாஸ்தா மனுவைத் திருப்பிக் கொடுத்தார். வந்திருந்தாலும் இன்று வக்கீல் வரவில்லை என்று ஆறுதலும் சொன்னார்.

"கசங்கின சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி.

வீட்டில் அப்படி ஒன்று இருந்தால்தானே. இஸ்திரிக்காரர் ஒரு சட்டையைச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்ததும் கை தன்பாட்டுக்கு அதை நீவி மடித்து வைத்துவிட்டது. கடைசியில், பெயிண்ட் அடிக்கும் மச்சினனிடம் ஒரு சட்டையை இரவல் வாங்கிக்கொண்டு புதன்கிழமை போனார்.

வாசலிலேயே காவலாளி மடக்கினார். 'கண்ணியமான உடையில் வருவோருக்கு மட்டுமே அனுமதி' என்ற அறிவிப்பை வாய்விட்டு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

நல்ல சட்டை போட்டால் ஏழை இல்லை. ஏழையாகப் போனால் உள்ளே இடமில்லை.

மச்சினன்தான் வழி கண்டுபிடித்தான். "ரெண்டையும் போட்டுக்குங்க மாமா. மேல விறைப்பு, உள்ள கசங்கல். கேட்டைத் தாண்டினதும் மேல இருக்கிறதைக் கழட்டிடுங்க."

வியாழக்கிழமை காவலாளி சல்யூட்டே அடித்தார். மாடிப்படித் திருப்பத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, இஸ்திரிக்காரர் அவசரத்தில் பொத்தானைக் கழட்டாமலே மேல்சட்டையைத் தலைவழியாக உருவினார். வேர்வையில் ஒட்டிக்கிடந்த உள்சட்டையும் கூடவே கிளம்பி, இரண்டும் கழுத்தில் சிக்கின. கண் தெரியவில்லை. தூக்கிய கைகளோடும் வெற்றுடம்போடும் படியில் நின்றார்.

அதே நேரம் மேலேயிருந்து மையத்தின் தலைவர், பார்வையிட வந்த பத்திரிகைக்கார விருந்தாளிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார். இங்கே வந்த ஏழை ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

"அரை நிர்வாணப் போராட்டமா?" என்று ஒரு விருந்தாளி ஆவலோடு பேனாவைத் திறந்தார்.

அடுத்த நிமிஷம் நாற்காலி வந்தது. பியூன் தண்ணீரோடு ஓடிவந்தான். தலைவர் மனுவைப் படிச்சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டார். ஏழைதானா என்று குமாஸ்தாகூடக் கேட்கவில்லை. இஸ்திரிக்காரர் திருப்தியோடு விறைப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, மடிப்பை நீவிவிட்டார்.

இப்போதே வக்கீலை அழைத்துப் போய்ப் பூட்டைத் திறக்க ஏற்பாடு செய்யச் சொன்னார் தலைவர். குமாஸ்தா அவர் காதருகே குனிந்தார். வக்கீல் திங்கட்கிழமையிலிருந்தே வரவில்லையாம்.

"ஏன் வரலை?"

குமாஸ்தா பியூனைப் பார்த்தார்.

"வீட்டுக்கே போய்ப் பார்த்தேன் சார், ஆள் நல்லாத்தான் இருக்கார்" என்றான் பியூன். "இருக்கிறதே ஒரு கருப்புக் கோட்டு. அதைத் தேய்க்கப் போட்டாராம், எவனோ அந்தக் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டானாம்."