கல்லுக்கு டிக்டேஷன்

நான்கு விரல் கனத்தில் வந்த கருங்கல், தப்பெழுத்தை அழிக்க இரண்டு தடவை இழைத்ததில் இரண்டு விரலாக இளைத்திருந்தது. கல்லறைக் கற்களில் எழுத்து வெட்டுகிறவனும் தன் பங்குக்கு இளைத்திருந்தான்.

"இன்னொரு தப்பு வந்துச்சு, கல்லோட சேர்ந்து நீயும் வெளிய!" என்று பட்டறை முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

கல் கேட்டு வந்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். ஆங்கில வாசகத்தை எழுதித் தாருங்கள் என்றால் மாட்டார்.

"டிக்டேஷன்தான். காதால கேளு, கையால வெட்டு."

"சாக்பீஸ்ல எழுதிக் காட்டட்டுங்களா ஐயா?"

"பரீட்சை எழுதும்போதே பேப்பர் திருத்துவாங்களா?"

அவருடைய மகள் குடையோடு பின்னால் நிற்பாள். வாயே திறக்க மாட்டாள்.

முதல் தடவை அமைதிக்கு 'க்வயட்' என்றார். இவன் 'க்வைட்' வெட்டினான்.

"இங்கே ஓரளவு உறங்குகிறார்னு வெட்டியிருக்கே. மிச்ச நேரம் என்ன செய்வாராம்?" கல்லிலேயே சிவப்புப் பென்சிலால் சுழித்தார்.

இழைத்து மறுபடி வெட்டினான். அமைதி வந்தது, கொள்கை போனது. 'பிரின்சிபிள்' இருக்க வேண்டிய இடத்தில் 'பிரின்சிபல்' உட்கார்ந்திருந்தார்.

"செத்தப்புறமா பதவி உயர்வு? இருக்கும்போதே எவனும் கொடுக்கல."

மறுபடி இழைத்தாயிற்று. இன்னொரு தடவை தாங்காது, உடைந்துவிடும். அன்று வீட்டில் தன் மகளின் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் பிரித்து, குழப்பும் சொற்களை மனைவி ஜோடி ஜோடியாக வாசித்தாள். இவன் தரையில் எழுதி எழுதி அழித்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

"கட்டின பொண்டாட்டி சொல்றதே உங்க காதுல விழாது. வாத்தியார் சொல்றது எங்க விழப்போகுது!"

ஆனால் விழுந்தது. மறுநாள் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினான்.

மாலையில் கிழவர் வந்தார். ஒவ்வொரு எழுத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஒருமுறை அல்ல, மூன்றுமுறை.

"தப்பில்ல" என்றார். பென்சிலைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.

முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். போன உயிர் திரும்பி வந்தவன்போல இவன் சிரித்தான்.

வாசல் வரை போன வாத்தியாரின் மகள் திரும்பி வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஒரே ஒரு எழுத்தைத் தப்பா விட உங்களுக்கு மனசு வரலையாண்ணே? பிழையில்லாத கல்லு கிடைச்சாத்தான் சாவேன்னு, ஆறு வருஷமா ஊர் ஊரா தன் கல்லுக்கே டிக்டேஷன் கொடுத்துக்கிட்டுத்தான் எங்க அப்பா உயிரோட இருந்தாரு!"