இரண்டாவது பஸ்ஸர்

கூட்டம் சேர்ப்பதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். கலைப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. போலீஸ்காரர்களே அதற்குத் தடியும் தண்ணீர் பீய்ச்சும் வண்டியுமாக வரவேண்டியிருக்கிறது. எனக்கு ஒரே ஒரு விரல் போதுமாக இருந்தது. (கட்டைவிரல். இன்னும் கையோடுதான் இருக்கிறது.)

நான் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆட்டம் பாட்டமெல்லாம் ஏற்பாடு செய்தது நான்தான். அந்தத் தெம்பில், ஊர்ப்பக்கம் கலைநிகழ்ச்சி நடத்தக் கிளம்பும் புதியவர்களுக்கு ஓர் அமைப்பு பயிற்சி தருகிறது என்று வாட்ஸப்பில் வந்ததும் பெயர் கொடுத்துவிட்டேன். எடுத்தும்விட்டார்கள். ஆளுக்கொரு மென்டார் உண்டாம். வல்லத்தில் வீட்டுக்குப் போனதும் பெருமையாக அப்பாவிடம் சொன்னேன்.

“மென்டார்னா இன்னா?”

“வழி காட்டுறவங்கப்பா.”

“வல்லத்துலேர்ந்து ஒரகடத்துக்கு ஒரே ரோடுதான கீது. இதுக்கு இன்னாத்துக்கு ஒரு ஆளு?”

நான் எதிர்பார்த்தது நரைத்த தலை, கண்ணாடி, கைத்தறிச் சேலை. வந்தது ஹெல்மெட்டோடு ஒரு பெண், என்னைவிடச் சின்னவள். பெயர் ஹேமா. சென்னையில் தெருத்தெருவாகக் கலைவிழா நடத்தியவள். அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளை மேடம் என்றேன், கடைசிவரை இரண்டு பேருக்கும் அது செட்டாகவில்லை. முதல் நாளே, “அக்கா, இது உங்க ஸ்பேஸ்” என்றாள். நான் அவசரமாக எழுந்து என் ஸ்கூட்டியை நகர்த்தி நிறுத்தினேன்.

பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு மாலை நிகழ்ச்சி நடத்திக் காட்டவேண்டும். தேர்வுக்குழு வந்து பார்க்கும். கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருந்தால், பொங்கலுக்கு நடக்கும் பெரிய விழா என் பொறுப்பு. கலைந்துவிட்டால், கலந்துகொண்டதற்கு ஒரு சர்டிபிகேட், நமஸ்காரம். எனக்கு அந்தப் பொங்கல் விழா வேண்டும். வெறியாகவே வேண்டும். நாள் முழுக்க நான் கட்டும் ஒயர் எந்தக் காரில் போகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் செய்த ஒன்றை ஜனங்கள் உட்கார்ந்து பார்ப்பதை, ஒருதடவையாவது நான் நின்று பார்க்கவேண்டும் என்று இருந்தது.

ஒத்திகை பார்த்த ஹேமாவுக்கு ஒரே ஒரு குறைதான். “எல்லாம் சூப்பர் அக்கா. டைமிங்தான் இல்ல. மேடையேறினா யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. சின்னதா ஒரு மணி மாதிரி ஏதாவது வெச்சுக்கோங்க.”

டைமிங்கைப் பற்றி லைன் லீடரிடமா சொல்கிறாய் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். சின்ன மணியாம்! எங்கள் மெயின்டனன்ஸ் ஆளிடம் கெஞ்சி, கம்பெனியில் ஷிப்டு நேரத்துக்கு அலறிக்கொண்டிருந்து, இப்போது கழற்றிப் போட்டிருந்த பழைய பஸ்ஸரை வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மாட்டி அழுத்திப் பார்த்தேன். அப்பா பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவர் சடாரென்று எழுந்தார், சட்டையை மாட்டினார், ஐடி கார்டைத் தேடினார்.

மூளை உள்ள எவளும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பாள். நான், சத்தம் நன்றாகக் கேட்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டேன்.

நிகழ்ச்சி வல்லம் வடகாலில், ஹாஸ்டல்களுக்கு எதிரே இருந்த காலி மனையில். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக டீக்கடைகள். ஞாயிறு சாயங்காலம் என்பதால் வார லீவில் இருந்த கம்பெனிக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். நாற்காலிகள் நிரம்பின. முன்வரிசையில் தேர்வுக்குழுவிலிருந்து ஒரு சாரும் ஒரு மேடமும். அப்பா வெள்ளைச் சட்டையில். ஓரமாக நின்று செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு என் தங்கச்சி பவி. நான் மேடை ஓரத்தில் பஸ்ஸரை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

சிலம்பமும் கும்மியும் நேரத்துக்குள் முடிந்தன. பஸ்ஸருக்கு வேலை வரவில்லை. அடுத்து மாரிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், என் லைனில்தான் வேலை. ஹாஸ்டல் நண்பர்களைச் சேர்த்து வில்லுப்பாட்டுக் குழு கட்டியிருந்தான். அவனுக்கு இது முதல் மேடை. ஊரில் இருக்கும் அம்மா வீடியோ காலில் பார்ப்பதற்காகப் போனைக் குடத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தான்.

கதையும் அவனுடையதுதான். ஒரே அறை, ஒரே பாய், மூன்று ஷிப்டு ஆட்கள். ஒருவன் எழுந்து போனதும் அடுத்தவன் வந்து படுப்பான். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்ததே இல்லை. பாயில் இருக்கும் தலைமுடியையும் தலையணையின் எண்ணெய் வாசனையையும் வைத்தே ஒருவனைப் பற்றி ஒருவன் கற்பனை செய்துகொள்கிறார்கள். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருநாள் ஷிப்டு மாறிப்போய், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

“கதவ தொறந்தானாம்!” என்று மாரிமுத்து பாட,

“ஆமா! தொறந்தானாம்!” என்று குழு பாட,

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தேர்வுக்குழு சார் மணிக்கட்டைப் பார்த்தார். (கொசு கடித்ததாம். பிறகுதான் தெரிந்தது.) ஐயோ, டைமிங்! என் விரல் போய் பஸ்ஸரில் அமர்ந்தது.

கீஈஈஈஈங்.

கூட்டம் மொத்தமாக எழுந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒன்றும் பேசவில்லை. நாற்காலியை நகர்த்தி, வரிசையாக, சத்தமில்லாமல் ரோட்டைக் கடந்து டீக்கடைக்குப் போனார்கள். அப்பாவும் போனார். மேடையில் இருந்த குழுவும் இறங்கிப் போனது. குடம் அடித்தவன் போகிற போக்கில் போனை எடுத்து மாரிமுத்து கையில் கொடுத்துவிட்டுப் போனான். எனக்குச் சுயநினைவு வந்தபோது நானே பாதி ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

“அண்ணா, எங்கண்ணா போறீங்க?” என்று ஒருவரை மறித்தேன்.

“இன்னாம்மா கேக்குற? அதான் பஸ்ஸர் அட்ச்சிட்டாங்களே. பிரேக்கு.”

அப்பா ஏற்கெனவே கையில் கிளாஸோடு நின்றார். “நீ இன்னா தேவி நின்னுகினு கீற? டீ ஆறிடப் போவுது, வா.”

மேடையில் மாரிமுத்து தனியாக வில்லோடு உட்கார்ந்திருந்தான். போனிலிருந்து அவன் அம்மாவின் குரல் மைக்கில் ஏறி, மனை முழுக்கக் கேட்டது.

“ஏல மாரி, எல்லாரும் எங்கல போறாவ? நீ அம்புட்டு மோசமாவா பாடுத?”

“யக்கா, எங்கம்மா கேக்கா, என்னத்தக்கா சொல்ல?” என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. முன்வரிசையில் சாரும் மேடமும் நிகழ்ச்சி முடிந்துவிட்டது போல என்று நினைத்து, மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காரைப் பார்த்து நடந்தார்கள்.

ஹேமா ஓடி வந்தாள். “அக்கா, ஏதாவது பண்ணுங்க! இது உங்க ஸ்பேஸ்!”

ஏதாவது பண்ணு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பிரேக் ஆரம்பிக்க ஒரு பஸ்ஸர் என்றால், பிரேக் முடியவும் ஒரு பஸ்ஸர். ஓடிப்போய் அழுத்தினேன்.

கீஈஈஈஈங்.

டீக்கடைகள் அப்படியே காலியாயின. கிளாஸை வைத்தது பாதி, கையிலேயே கொண்டுவந்தது பாதி. லேட்டாகப் போனால் சூப்பர்வைசர் திட்டுவார் என்ற பழக்கத்தில் எல்லோரும் ஓடியே வந்தார்கள். எங்கள் நிகழ்ச்சிக்கே வராமல் சும்மா டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் ஏனென்று கேட்காமல் கூடவே ஓடி வந்தார்கள். கூட்டம் இரண்டு மடங்கானது. நாற்காலி போதவில்லை.

ஆனால் அந்த ஓட்டம் காரில் இருந்தவர்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. இத்தனை ஆண்கள் தங்களை நோக்கி ஓடி வந்தால் யாருக்குத்தான் பயம் வராது? ஏதோ கலவரம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் பறந்துவிட்டார்கள். ஹேமா போன் மேல் போன் போட்டாள். ஹைவேயைத் தொடும்வரை அவர்கள் எடுக்கவே இல்லையாம்.

மாரிமுத்து மறுபடியும் கதவைத் திறந்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்ததும் முதலில் சண்டை போட்டது அந்தத் தலையணை எண்ணெய்க்காகத்தான். நின்றுகொண்டிருந்தவர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவன் அம்மா போனில் விசில் அடித்தார். கடைசிவரை ஒருத்தர் எழுந்திருக்கவில்லை. நான் ஓரமாக நின்று பார்த்தேன். அதைப் பார்க்கவேண்டியவர்கள் மட்டும் அங்கே இல்லை.

‘நிகழ்ச்சி பாதியில் கலைந்தது’ என்று முடிவு வந்தது. ஹேமா எனக்காகச் சண்டை போட்டுப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. பொங்கல் விழா வேறொருவருக்குப் போயிற்று. அடக்க முடியாமல் அழுதேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னும் பிரேக்கு முடியலியா?” என்றார். அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அதுதான் ஆரம்பம்.

அதன் பிறகு வீட்டில் நான் வாயைத் திறந்தால் போதும், யாராவது ஒருவர் “கீஈஈங்” என்பார்கள். எல்லோரும் எழுந்து சமையலறைக்குப் போவார்கள். பவி சும்மா இருப்பாளா? தான் எடுத்த வீடியோவிலிருந்து அந்த பஸ்ஸர் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து, நான் கூப்பிட்டால் அடிக்கிற மாதிரி அப்பா போனில் ரிங்டோனாக வைத்துவிட்டாள். நானும் பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

போன மாதம் அதே பவிக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம். மாப்பிள்ளைக்கும் ஒரகடத்தில்தான் வேலை. மண்டபம் நிறைய இரண்டு கம்பெனி ஆட்கள். முகூர்த்த நேரத்தில் நான் கீழே பந்தியில் இலை போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பந்திக்கு எத்தனை பேர் என்று கேட்க, ஒன்றும் யோசிக்காமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் மணவறையில், மைக்குக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

மேலே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பேச்சு மூச்சில்லாமல், வரிசையாக, மண்டபமே படியிறங்கி வந்தது. எல்லோருக்கும் முன்னால் மாப்பிள்ளை. கையில் தாலி. பின்னாலேயே பவி மாலையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா!” என்று கத்தியபடி ஓடி வந்தாள்.

நான் கட்டைவிரலை நீட்டி அப்பாவுக்கு இன்னொரு தடவை போன் போட்டேன்.