கிட்டாருக்கு என்றேன், காருக்கு என்று கேட்டிருக்கிறது

அன்பும் மரியாதையும் நிறைந்த சின்ன மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நான்காவதாகக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் பெட்டிதான் நலமாக இல்லை. அங்கே நீங்களும் முக்கியமாக உங்கள் தொண்டையும் நலமா? பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டைதானே சோறு போடுகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் "ம்" என்பேன், நீங்கள் "அப்புறம்?" என்பீர்கள், நான் மறுபடியும் "ம்" என்பேன். இது "ம்"முக்குள் அடங்குகிற விஷயம் இல்லை.

வருகிற சனிக்கிழமை எங்கள் அலுவலக ஆண்டுவிழாவில் நான் கிட்டார் வாசிப்பதாக இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மேலாளர் என் மேஜைக்கு வந்து, "நீ கிட்டார்லாம் வாசிப்பியாமே, மேடையில வாசிக்கிறியா?" என்று கேட்டபோது மாட்டேன் என்றுதான் தலையை அசைத்தேன். என் தலையசைப்பு எப்போதும் பாதியில் நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று அப்பா பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறார், ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கவே மேடையில் ஓடிப்போய் ஓடி வந்தவள் நான். கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பட்டமளிப்புப் படத்தில் இருப்பது என் முதுகு.

என் கிட்டார் மின்சாரக் கிட்டார் என்பதால் ஸ்பீக்கர் இல்லாமல் பேசாது. இத்தனை நாளும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்கு மட்டும் வாசித்துக்கொண்டேன். அலுவலகத்தில் வேலையை விட்டுப் போன ஒருவர் கொடுத்துவிட்டுப் போன ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஸ்பீக்கரும் அதை வைக்கப் பெட்டியும் கிடையாது. பெட்டியை நாமே செய்துவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். அப்பாவுக்கு லாரி பாடி கட்டத் தெரியும், லாரி பாடி மட்டும்தான் தெரியும். ஆகவே என் ஸ்பீக்கர் பெட்டிக்கு மூலைக்கு மூலை இரும்புப் பட்டை, சுற்றிலும் கயிறு மாட்டக் கொக்கி, பின்னால் கீழே இறக்கிவிடுகிற மாதிரி ஒரு கதவு. "கதவு எதுக்குப்பா?" என்றேன். "சரக்கு இறக்க வேணாமா?" என்றார். என்ன சரக்கு என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். கிட்டார் ஸ்பீக்கர்ப் பெட்டிகள் சிலவற்றுக்குப் பின்பக்கம் திறந்தே இருக்கும் என்று படித்திருந்ததால் கொஞ்சம் ஆறுதல்.

பிறகு ஸ்பீக்கர் கடை. கடைக்காரர் "எதுக்கும்மா?" என்றார். "கிட்டாருக்கு" என்றேன். எனக்குக் கேட்கும் அளவுக்குத் தெளிவாகத்தான் சொன்னேன், அவருக்குக் கடைசிப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. "காருக்கா? எவ்ளோ பெருசு?" பெட்டியைத்தான் கேட்கிறார் என்று நினைத்து அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "அவ்ளோதானா சார் காரு?" "சின்னதுதான். ஆனா ஆள் ஏறி நின்னாலும் அசையாது. நானே கட்டினது." கடைக்காரர் மரியாதையுடன் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே போய் இரண்டு ஸ்பீக்கர்களை எடுத்து வந்தார். "ஃபுல் ரேஞ்ச் சார். கீச்சுக் குரல்லேருந்து இடி வரைக்கும் ஒண்ணுலயே வரும். எதையும் மறைக்காது." மாமா, எனக்கு வேண்டியது மறைக்கிற ஸ்பீக்கர். கிட்டாருக்கென்றே செய்கிற ஸ்பீக்கர் ரொம்பப் பண்பானது, உச்சத்தில் வரும் கீச்சுகளைத் தன்னோடு வைத்துக்கொண்டு, வெளியே சொல்லக் கூடியதை மட்டும் சொல்லும். இதையெல்லாம் கடையில் விளக்கமாகச் சொன்னேன், மனதுக்குள். அதற்குள் அப்பா, "ஃபுல்லு இருக்கும்போது எதுக்குங்க அரைகுறை? ஃபுல்லே கட்டிக் குடுங்க" என்று முடித்துவிட்டார். ஒவ்வொன்றின் மின்தடையும் நான்கு ஓம். இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் எட்டு, என் ஆம்ப்ளிஃபயருக்குச் சரியாக எட்டுதான் வேண்டும் என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். கிளம்பும்போது கடைக்காரர் அப்பாவிடம், "அடுத்த தடவை காரை எடுத்துட்டு வாங்க சார், பாக்கணும்" என்றார். "தலையில வெச்சே எடுத்துட்டு வரேன்" என்றார் அப்பா.

வீட்டில் இணைத்தோம். ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலை மிதித்து, சனிக்கிழமைக்கான பாட்டின் முதல் வரியை வாசித்தேன். தகர டப்பாவுக்குள் குளவிக் கூட்டம் புகுந்த மாதிரி இருந்தது. என் விரல் தடுமாறியது, நகம் உரசியது, பயந்து கையை எடுத்தது எல்லாம் ஒன்று விடாமல் கூடத்தில் கேட்டது. மாடியில் குடியிருக்கும் பல் டாக்டரம்மா இறங்கி வந்து, "யாரு பல்லு ராவுறது? வேலை வீடு வரைக்கும் துரத்திட்டு வந்துடுச்சோன்னு பயந்துட்டேன்" என்றார். அம்மாவோ தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து கிட்டாரையே உற்றுப் பார்த்தாள். "இது சத்தம் போடுமாடி? ரிப்பேர்னுல்ல நெனச்சிட்டிருந்தேன். கேட்டா நீ வருத்தப்படுவியேன்னு கேக்கல." மாமா, ஒலி வராத ஒரு பொருளை மகள் தினமும் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறாள் என்று அம்மா இத்தனை காலமாக நம்பிப் பொறுத்திருக்கிறாள்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் நிலையத்தில் ஒலிபெருக்கி பார்க்கிறவரிடம் கேட்டு, கிட்டாருக்கான பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், எட்டு ஓம், ஒன்று வாங்கிச் சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அது கிடைக்காவிட்டால், மேலாளருக்குப் போன் செய்து எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் பேருந்து ரத்தானதையே ஜனங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்கள், என் காய்ச்சலையா ஏற்க மாட்டார்கள்?

அப்பா உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மாமிக்கு என் வணக்கம்.

உங்கள் ஆசியை வேண்டும்,
அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். கடிதத்தை உறையில் போடுவதற்குள் பெடலின் பேட்டரி தீர்ந்துபோனது. பெடல் இல்லாமல், சும்மா, மெதுவாக வாசித்துப் பார்த்தேன். குளவிகள் போய்விட்டன. அம்மாவின் தையல் மெஷின் சத்தம் நின்றது. நானும் வாசிப்பதை நிறுத்தினேன். "ஏன் நிறுத்திட்ட?" என்றாள் அம்மா. "விரல் நகர்றதெல்லாம் கேக்குதும்மா." "கேக்கட்டும். அது கேட்டாதான நீ வாசிக்கிறேன்னு தெரியுது." டாக்டரம்மா மறுபடியும் வந்தார். இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லேருந்து வாசிம்மா" என்றார். அதனால் வேறு ஸ்பீக்கர் வேண்டாம், ஃபுல்லே இருக்கட்டும். காய்ச்சலும் வேண்டாம்.

பெட்டியை அப்பா வர்ணம் பூசப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே எழுத்து எழுதுகிறவர், பின்கதவைப் பார்த்ததும் கைப்பழக்கத்தில் லாரிக்கு எழுதுவதை அதன்மேல் அப்படியே எழுதிவிட்டார்: ஒலி எழுப்பவும். அழிக்கச் சொல்லவா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று தலையை அசைத்தேன், முழுதாக. மேடையில் நான் பெட்டிக்குப் பின்னால் நிற்பதாகத்தான் திட்டம். அந்த எழுத்து என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

நீங்கள் வாருங்கள். கடைசி வரிசையில் உட்காருங்கள். அங்கே வரைக்கும் கேட்டதா என்று பிறகு போனில் சொல்லுங்கள், நான் "ம்" என்பேன்.