தினம் ஒரு இடியம்

ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஒரு ரகம், தெரியாதவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, பார்த்திருப்பீர்கள்: ஆங்கிலம் நன்றாகவே தெரியும், ஆனால் அது 'இயல்பாக' இல்லையே என்று ஏங்கி, அதன் மரபுத்தொடர்களை இடியம் இடியமாக மனப்பாடம் செய்கிறவர்.

ஈரோட்டிலிருந்து வந்து கொல்கத்தா நியூ டவுனில் பதினோராவது மாடியில் குடியிருக்கும் அஸ்வத் அந்த ரகம். தினமும் பல் தேய்க்கும்போது செல்போன் அவனுக்கு ஒரு இடியம் கற்றுத்தரும். கற்றதை அன்றே செலவழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊசிப்போய்விடும் என்பது அவன் கட்சி. சந்தர்ப்பம் வராவிட்டால்? உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான்!

ஒரு திங்கட்கிழமை 'அண்டர் த வெதர்' வந்தது. உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அவனுக்கோ உடம்பு கல் மாதிரி இருந்தது. அதனால் என்ன? லிஃப்டில் நலம் விசாரித்த எதிர்வீட்டு வங்காளி அம்மாளிடம் அதைச் செலவழித்தான். அந்த அம்மாளுக்கு அவனைவிட நன்றாகவே ஆங்கிலம் தெரியும். சாயங்காலத்துக்குள் கஞ்சி வந்தது, கஷாயம் வந்தது, மே மாத வெயிலில் காதை மூடும் கம்பளிக் குல்லாயும் வந்தது.

"இப்ப சந்தோஷமா?" என்றாள் மனைவி ஹர்ஷினி.

"அர்த்தம் கரெக்டா போய்ச் சேர்ந்துடுச்சு பாத்தியா!" என்றான், குல்லாய்க்குள் வியர்த்து வழிந்தபடி.

வெள்ளிக்கிழமை வந்தது பரீட்சை. லண்டன் வாடிக்கையாளர் வீடியோவில் பேசிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் அஸ்வத்துக்கு ஆறு மாதம் லண்டனில் வேலை. வீட்டிலிருந்தே பேசினான். அந்த வெள்ளைக்கார அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: செவ்வாய்க்கிழமைக்குள் வேலை முடிந்துவிடுமா?

"பீஸ் ஆஃப் கேக்!" ரொம்பச் சுலபம் என்று அர்த்தம்.

சரி, முடிந்துவிடுமா?

"த பால் இஸ் இன் அவர் கோர்ட்!" இனி எங்கள் பொறுப்பு என்று அர்த்தம்.

எல்லாம் அந்த அம்மாள் பிறந்ததிலிருந்து கேட்ட சொற்கள்தான். பதில்தான் எதிலும் இல்லை. "பிளீஸ், யெஸ் ஆர் நோ?" என்றார், கெஞ்சாத குறையாக.

அஸ்வத் மனசுக்குள் முந்நூறு இடியங்களையும் புரட்டினான். 'யெஸ்' எந்தப் பாடத்திலும் வந்திருக்கவில்லை. லண்டன் கண்ணெதிரே நழுவியது. பக்கத்து அறையில் தன் அலுவலக வேலையில் இருந்த ஹர்ஷினிக்குப் பொறுக்கவில்லை.

"ஆமான்னு சொல்லித் தொலைங்களேன்!"

"ஆமா!" என்று அலறினான் அஸ்வத், மைக்கில், பச்சைத் தமிழில்.

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். தமிழ் தெரியாவிட்டாலும், அன்றைக்குக் கேட்டதிலேயே புரிந்த பதில் அது ஒன்றுதானாம். வேலை கிடைத்துவிட்டது.

திருந்தியிருப்பான் என்கிறீர்களா?

"ஹர்ஷினி, ஐ ஆம் ஓவர் த மூன்!" என்று சந்தோஷத்தில் குதித்தான்.

"நிலாவுக்கு அப்புறம் போகலாம். முதல்ல லண்டன் போய்ச் சேருங்க."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நேற்று ஆபீஸ் கூட்டத்தில், காலை பத்து மணிக்கே, நாளே முடிந்துவிட்ட மாதிரி, "அட் தி எண்ட் ஆஃப் த டே" என்று பேச்சை ஆரம்பித்தது யாராம்?