பணம் பத்திரமா இருக்கு

சொல்றதெல்லாம் நெசம். ஒரு வார்த்தை பொய்யா இருந்தா, நான் பெயிண்ட் அடிச்ச செவுரெல்லாம் மொத மழையிலயே உரிஞ்சு விழட்டும். ஏற்கனவே நெறைய உரிஞ்சிருக்கு. அது பெயிண்டு கோளாறு, என் வாய்க் கோளாறு இல்ல.

மாநில அரசாங்கத்து ஆபீஸ் ஒண்ணுக்கு உள்ளேயும் வெளியேயும் வெள்ளையடிச்சுக் குடுத்தேன். மாசக்கணக்காச்சு, காசு வரல. செவுரு ஒரு வாரத்துல வெளுத்துச்சு, காத்திருந்து என் தலையும் வெளுத்துச்சு. பில்லு போடற அதிகாரியப் போய்ப் புடிச்சேன். அவர நாங்க பில்லு ஐயான்னுதான் கூப்பிடறது.

"ஐயா, என் காசு?"

"யோவ், அரசாங்கமே கழுத்து வரைக்கும் கடன்ல கெடக்கு. நம்ம மாநிலம் மட்டுமா? பக்கத்து மாநிலம், அதுக்குப் பக்கத்து மாநிலம், எல்லாம் போட்டி போட்டுக்கிட்டு வாங்குது. உன் பில்லு வரிசையில நிக்குது."

"அப்புறம் எப்படிங்கய்யா பொழப்பு ஓடுது?"

"கடன் பத்திரம் போடும். ஆளுங்க பணம் குடுப்பாங்க, இது காயிதம் குடுக்கும். கெடு வந்தா இன்னொரு பத்திரம் போட்டு, அந்தப் பணத்துல இத அடைக்கும்."

"கடைசில யாருங்கய்யா கட்டறது?"

"இன்னும் பொறக்காதவன் கட்டுவான், போய்யா."

எனக்கு அங்கயே ஞானம் பொறந்துருச்சு. இவ்வளவு படிச்சவங்க கடன்ல காருல போறாங்க. நான் மட்டும் ஏன் ஏணியத் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும்? அரசாங்கத்துக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

மெக்கானிக் கடையில ஒரு பச்சக் கலர் பைக்கு நின்னுச்சு. ரெண்டாங் கைன்னு சொன்னான். எனக்கென்னவோ ஆறேழு கை மாறின மாதிரிதான் தெரிஞ்சுது. இருந்தாலும் அதப் பாத்தாலே என் நெஞ்சு படபடன்னு அடிக்கும். அதுவும் அப்படித்தான், ஸ்டார்ட் பண்ணா படபடன்னுதான் அடிக்கும். நல்ல ஜோடி. ரெண்டு மூணு வாரம் அதச் சுத்திச் சுத்தி வந்தேன். ஒரு சாயங்காலம் மெக்கானிக்கு குண்டப் போட்டான்: "நாளைக்கு வேற ஆளு வரான். வண்டி போயிரும்."

வீட்டுக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரி தையக்காரி. முன் ரூம்புலதான் மெஷினு. துணியோட சேத்து என் வாயையும் தெச்சிருவா. அவகிட்ட பணம் உண்டு. எங்க வெச்சிருக்கான்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆராய்ச்சி பண்றேன். பட்டம்தான் வாங்கல.

அன்னிக்கு பளபளன்னு ஒரு கவுன மெஷின்ல குடுத்துக்கிட்டிருந்தா.

"யாருக்குடி இது?"

"பில்லு ஐயா வீட்டம்மாவுக்கு. கவுனுக்குக் கை வெக்கறேன், நீங்க கைய எடுங்க. பெயிண்டு ஒட்டும்."

"கேட்டுக்கோ. இன்னிலேர்ந்து இந்த வீடு ஒரு மாநிலம்."

"யாரு ஆளறது?"

"நான்தான்."

"அப்ப நான்?"

"எதிர்க்கட்சி."

"சரி, நான் வெளிநடப்பு பண்றேன். சமையல ஆளுங்கட்சி பாத்துக்கட்டும்."

"ஐயையோ, உக்காரு தாயே! அரசாங்கம் உன்கிட்ட கடன் கேக்குது. வளர்ச்சித் திட்டம். போக்குவரத்துத் துறை."

"அந்தப் பச்ச பைக்கா?"

ஊசி கோக்கற கண்ணு. எதுவும் தப்பாது.

"எப்பத் திருப்பித் தருவீங்க?"

"ஒத்தப் பைசா கொறையாம, பத்திரமாத் திருப்பித் தரேன்."

இங்கதான் இருக்கு என் மூளை. அவ காதுக்கு 'பத்திரமா'ன்னா ஜாக்கிரதையா. என் மனசுக்குள்ள 'பத்திரமா'ன்னா, பத்திரமா! கெடு வந்தா இன்னொரு காயிதத்த நீட்டுவேன். காசாத் தரேன்னு நான் எங்கடி சொன்னேன்னு கேப்பேன்.

"சத்தியமா?"

"பத்திரமா!"

"வட்டி?"

"மாசா மாசம்."

"டீக்கடையில உக்காந்து உலகத்தத் திருத்தற செலவு?"

"ரத்து. சிக்கன நடவடிக்கை."

துணி வெட்டறதுக்கு அளவு போடற காக்கிக் காயிதத்துல ஒரு துண்டு கிழிச்சு, கடன் பத்திரம்னு எழுதினா. நான் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்த விட பக்கத்துல ஒட்டுன பெயிண்டுக் கறை அழகா இருந்துச்சு. அவ துணிக்கு அடியிலேர்ந்து ஒரு கவர எடுத்தா. பைக்கு வெலைய எண்ணிக் குடுத்துட்டு மிச்சத்த உருவிக்கிட்டா.

இவ்வளவு சுளுவா ஏமாந்துட்டாளே, பாவம்னு எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.

மறுநாள் வண்டிய எடுத்துக்கிட்டு நேரா ஆபீசுக்குப் போனேன். பவுசு காட்ட வேணாமா? படபடங்கற சத்தத்துல பில்லு ஐயாவே வெளிய வந்துட்டாரு.

"அட! பில்லு காசுல வாங்கினதாய்யா?"

"வயித்தெரிச்சலக் கெளப்பாதீங்க. அதுதான் வரலையே."

"வரலையா? போன வாரமே பாஸாச்சே! என் வீட்டம்மா கவுனுக்கு அளவு பாக்க வந்தப்ப உன் சம்சாரத்துகிட்டயே பணத்தக் குடுத்துச்சே! அதுக்கு முன்னாடியே உன் சம்சாரம் 'பில்லு வந்தாத்தான் கவுனுக்குக் கை வெப்பேன்'னு சொல்லிருச்சாமே. கையில்லாத கவுன வெச்சுக்கிட்டு அவ என்னைத் தூங்க விடல. வரிசையில நின்ன உன் பில்ல நான்தான்யா கழுத்தப் புடிச்சு முன்னாடி தள்ளினேன்!"

வண்டி தானா அணைஞ்சுது. நானும்தான்.

உருட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்தேன்.

"ஏய்! என் பில்லுப் பணம் எங்கடி?"

மெஷின நிறுத்தல. நிமிந்துகூடப் பாக்கல.

"பத்திரமா இருக்குங்க."

"எங்க இருக்கு?"

காக்கிக் காயிதத்த எடுத்து நீட்டினா. என் கையெழுத்து, என் கறை.

"இதோ. பத்திரமா."

"அடிப்பாவி! என் காச எனக்கே வட்டிக்கு விட்டியா?"

"அரசாங்கம் இப்படிக் கத்தலாமா? மொதல்ல வண்டிய எடுங்க, கவுனக் குடுத்துட்டு வரணும்."

எடுத்தேன். பின்னாடி உக்காந்து தோள்ல கை வெச்சா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், சுகமாத்தான் இருந்துச்சு.

சரி, சிரிச்சது போதும். கத கேட்டவங்க ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து வைங்க. நாளைக்கு எனக்கு வட்டி நாளு. பணமாக் குடுங்க சாமி. பத்திரமா வேணாம்.