பூட்ஸ் அண்ணனின் முப்பத்தேழு

மலேசியாவில் சிலாங்கூர் மாநிலம் முழுக்கத் தேடினாலும் பூட்ஸ் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடைக்கமாட்டான். மேனேஜரைக் கண்டால் பயம், மேனேஜரின் நாயைக் கண்டால் பயம், எல்லாவற்றையும்விட இடி என்றால் பயம். எங்கள் ரப்பர் தோட்ட ஆபீசில், கேட்கிற நம்பருக்குக் கம்பியைச் செருகி இணைப்புக் கொடுக்கும் டெலிபோன் போர்டு பார்த்தவர் அவர். கம்பி வழியாக மின்னல் காதுக்குள் வந்துவிடும் என்று, வெயில் நாளிலும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுத்தான் உட்காருவார். வானம் இருட்டினால் செருகிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வராந்தாவுக்கு ஓடிவிடுவார். அதன்பின் நாங்கள் செத்தாலும் வெளியே தெரியாது.

எண்பதுகளில் கம்பெனி எங்கள் தோட்டத்தையும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தையும் ஒன்றாக்கியது. எங்கள் ஆஸ்பத்திரியை மூடினார்கள். இரண்டு போர்டுக்கும் நடுவே கம்பி இழுத்தார்கள். புத்தி கெட்டவர்கள், இரண்டு பக்கமும் நம்பர் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது என்று யோசிக்கவில்லை. எங்கள் ஏழாம் நம்பர், ரப்பர் காயவைக்கும் புகைவீடு. அவர்களுடைய ஏழாம் நம்பர், ஆஸ்பத்திரி. பிரசவ வலிக்கு ஆள் கேட்டு ஏழாம் நம்பரைக் கூப்பிட்டவனிடம், ரப்பர் இன்னும் காயவில்லை, நாளைக்கு வா என்றான் புகைவீட்டுக்காரன். நம்பரை மாற்றலாம் என்றால், ஒன்றாம் நம்பரை விட்டுத்தர இரண்டு மேனேஜர்களுக்கும் மனமில்லை.

பூட்ஸ் அண்ணன்தான் வழி கண்டார். அவரவர் நம்பர் அவரவருக்கு. அந்தப் பக்கம் வேண்டுமானால் மட்டும் முப்பதைக் கூட்டிக் கேட்கவேண்டும். நாங்கள் முப்பத்தேழு என்றால் அவர்களுடைய ஏழுக்கு மாற்றிக் கொடுப்பார். அவர்கள் முப்பத்தேழு என்றால் எங்கள் புகைவீடு. ஒரே நம்பர் எப்படி இரண்டு இடத்துக்குப் போகும் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி எகிறினார்.

"யாரு கேக்குறான்னு எனக்குத் தெரியும்லா, அது போதும்" என்றார் இவர், நடுங்கிக்கொண்டே.

ஒரு மத்தியானம் எண்ணெய்க்குப் பழம் வெட்டும் செம்பனைக் காட்டில் என் மனைவியை நாகம் கொத்தியது. அவளை லயத்து வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். வானம் கறுத்து இடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். பாம்பு கடித்ததைச் சொல்லி, ஆஸ்பத்திரி வேன் வேண்டும் என்றேன்.

"இடி நிக்கட்டும் தம்பி."

"அது வரைக்கும் அவ நிக்கமாட்டாண்ணே."

என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். பூட்ஸ் இரண்டும் ஒன்றோடொன்று தட்டின. போர்டின் முன் உட்கார்ந்தவரிடம் "ஏழு" என்று கத்தினேன். அவர் கை அசையவில்லை.

"முப்பத்தேழுன்னு சொல்லு."

அறைந்திருப்பேன். தெரிந்துகொண்டே கேட்கிறாரே.

"பயத்துல கை எங்க போவுதுன்னு தெரியலடா. நீ சரியா சொன்னாதான் அது போவும்."

சொன்னேன். போனது. செருகியதும் மின்னல் வெட்டி, போர்டில் நீலப்பொறி பறந்தது. அம்மா என்று அழுதார். செருகியிலிருந்து கையை எடுக்கவில்லை. அழுதபடியே, எங்கள் லயத்துக்கு வரும் வழியை ஆஸ்பத்திரிக்காரனிடம் சொல்லி முடித்தார்.

வேன் வந்தது. அவளைக் கோலா சிலாங்கூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்கவைத்தார்கள்.

அண்ணன் போய்ச்சேர்ந்து வெகு காலமாகிறது. இன்றும் இடி இடித்தால் என் மனைவி போனைத் தொடமாட்டாள். ஏன் என்று கேட்டால், "பாவம், அண்ணன் பயந்துக்குவாரு" என்கிறாள்.

நானும் தொடுவதில்லை.